பின்பக்கமிருந்து வந்த சூப்பர் ஹீரோ

போன வெள்ளிக்கிழமை என் சூப்பர் ஹீரோக்கள் பழைய பேப்பர்காரரிடம் போகவிருந்தார்கள். ஒருவரல்ல… இரண்டு பெட்டி நிறைய!

கிராஃபிக் நாவல் என்றால் எனக்குப் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? மனைவி பரீதாவுக்கோ அவை வெறும் படப் புத்தகங்கள். "ஐம்பது வயசில இதென்ன புள்ளைகள்ர விளையாட்டு? அலுமாரி எனக்கு வேணும்" என்றுவிட்டாள். எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுபவர். வீடும் அவளுடையது, அலுமாரியும் அவளுடையது. நான் எந்த வாயோடு எதிர்ப்பது?

ஒரு வழி பிடித்தேன். அவள் தன் காக்காவின் — அண்ணனின் — பேச்சைத் தட்டமாட்டாள். மச்சான் ஒரு மௌலவி, மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர். "மச்சான் ஒரு புத்தகம் பார்க்கட்டும். அவருக்குப் பிடிக்கல்லயெண்டா எல்லாத்தையும் குடுத்திரு" என்றேன். துணிச்சல்தான்!

கொடுத்தது என் உயிரான புத்தகம். ஒரு வசனம்கூடக் கிடையாது. படங்களே கதை சொல்லும். மழையில் நனையும் நகரத்தை நீலத்திலும் கறுப்பிலும் மட்டுமே வரைந்திருப்பார்கள்… பார்க்கும்போதே குளிரும். தாயோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இளைஞனுக்குச் சக்தி கிடைக்கிறது. முகமூடி அணிகிறான். சண்டையில் நகரம் நொறுங்குகிறது. கடைசியில் கோபுர உச்சியில் தனியே நிற்கிறான். எத்தனை தடவை பார்த்தாலும் நான் கலங்கிப்போவேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து மச்சான் புத்தகத்தோடு வந்தார்.

"கதையெண்டா இதுதான் மச்சான்! பாவம், தனியக் கோபுரத்தில நிக்கான். இறங்கி வாறான். இடிஞ்ச கட்டடமெல்லாம் எழும்புது, விழுந்து கிடந்த சனமெல்லாம் எழும்பி நடக்குது. கடைசியில முகமூடியக் கழட்டி வெச்சிட்டு, உம்மாக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடுறான். எனக்குக் கண் கலங்கிட்டு!"

நான் கொடுத்த புத்தகத்தில் இப்படியொரு கதையே இல்லையே! பிறகுதான் புரிந்தது. வாழ்நாளெல்லாம் அரபுக் கிதாபை வலப்பக்கமிருந்து புரட்டிய கை. நான் போட்டிருந்த பிரவுன் பேப்பர் உறையில் முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. மனுசன் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டார்!

சொல்லட்டுமா? வாயைத் திறந்தேன். பரீதா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டேன்.

"அலுமாரிய நீங்களே வெச்சிக்கங்க" என்றாள். "மத்தக் கதையளையும் ஒவ்வொண்டா எனக்குச் சொல்லணும், சரியா?"

"ஓம்" என்றேன்.

யோசித்துப் பார்த்தால் மச்சானின் கதையே எனக்கும் பிடித்திருக்கிறது. உலகத்தைக் காப்பாற்றப் போனவன் வீடு திரும்ப வேண்டாமா?

இப்போது தினமும் பின்னேரத் தேநீரோடு ஒரு கதை சொல்கிறேன் — எல்லாமே பின்பக்கமிருந்துதான். என் ஹீரோக்கள் ஒருவர் தப்பாமல் உம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்!