பல்வலி யாளியும் தூங்கும் அதிகாரியும்

மரத்தில் சாமியைச் செதுக்கினால் கும்பிடுவார்கள், மனுஷனைச் செதுக்கினால் அடிக்க வருவார்கள். எங்கள் தொழில் அப்படி. அடுத்தவர் முகத்தைப் பார்த்தே பிழைக்கும் யாருக்கும் இந்த அடி புதிதாக இருக்காது.

பல்வலி

அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு கோயில் தேர் வேலை. அடித்தட்டுக்கு நாலு யாளி செதுக்கச் சொன்னார் மேஸ்திரி சுப்பையா ஆசாரி. மூன்றை முறைப்படி உறுமவிட்டேன். அந்த வாரம் மேஸ்திரிக்குப் பல்வலி. கன்னத்தில் கையை வைத்தபடியே எங்களை ஏசிக்கொண்டிருந்தார். நாலாவது யாளியும் ஒரு பாதத்தைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டது.

கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி அந்தப் பாதத்தைச் செதுக்கி எடுத்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். அப்படியானால் வெளியே போ என்றார். உளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு நடந்தேன். பத்தடி போனதும் பின்னாலிருந்து சத்தம் வந்தது: "ஏலே, எனக்கு வீங்குனது வலது கன்னம்லா!"

ஈ

அதற்குப் பிறகு எந்தத் தேரிலும் எனக்கு வேலை இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு சர்க்கார் கச்சேரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முழ உயரத்தில் பொம்மை செய்து விற்றேன். உள்ளே அதிகாரி நாற்காலியில் தூங்குவார்; மனு கொண்டுவந்த ஜனம் வெளியே வெயிலில் காயும். அவரை அப்படியே செதுக்கினேன். தலைப்பாகை, தொங்கிய உதடு, மூக்கின்மேல் ஒரு ஈ.

சேவகன் வந்து என்னையும் பொம்மையையும் உள்ளே கொண்டுபோனான். "இப்பவே உடை" என்றார் அதிகாரி. "ஐயா முழிச்சிருக்கதக் காட்டுங்க, அதையும் செதுக்குதேன்" என்று சொல்லிவிட்டேன். என்னை வெளியே தள்ளி, பொம்மையை அடுப்பில் போடச் சொன்னார். சேவகன் அதைத் துண்டுக்குள் மறைத்து என்னிடமே கொண்டுவந்து கொடுத்தான். "நானும் பத்து வருஷமாப் பாக்கேன், அந்த ஈகூட அதேதான் வே!"

ராதாபுரத்து எஸ்தர்

மறுநாளும் அதே மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். ராதாபுரத்திலிருந்து எஸ்தர் என்று ஒரு பெண் வந்தாள். புருஷன் இறந்ததும் அவளுடைய எட்டுப் பனைகளைக் கொழுந்தன் தன் பேருக்கு எழுதிக்கொண்டானாம். மனுவோடு மூன்று தரம் வந்து திரும்பியிருக்கிறாள். "கண்ணைத் தொறந்தமாதிரிக்கு ஒரு அதிகாரி செஞ்சு தாரும் அண்ணாச்சி" என்றாள். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாகக் கண் செதுக்கியதில்லை.

அவள் அதைக் கச்சேரிப் படியில் வைத்து, எதிரே உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். கூட்டம் கூடிவிட்டது. சத்தத்தில் நிஜ அதிகாரியே எழுந்து வெளியே வந்துவிட்டார். பனைகள் அந்த மாசமே அவள் பேருக்குத் திரும்பின. ஆனால் அவர் மனுவுக்குக் கை நீட்டியபோது அவள் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த கூலி: "செத்த இருங்கய்யா, இவுககிட்ட இன்னும் பாதி சொல்லலை."

அந்தக் கச்சேரியிலிருந்து அதன்பின் என்னைத் துரத்த யாரும் வரவில்லை, மற்ற கச்சேரிகளில் தூங்குகிறவர்களையும் செதுக்குவதால் அங்கிருந்துதான் வருகிறார்கள். வரட்டும், உளி தீட்டியே வைத்திருக்கிறேன்.