கடைசி வரிசைக்குப் பின்னால்

என் அண்ணன் டோலக் வாசிப்பான். பகலில் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. சனி, ஞாயிறுகளில் ராயபுரத்து நண்பர்களின் இசைக்குழு. யார்டில் லாரி மேலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த பிறகு, இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வே இல்லாமல் போய்விட்டது. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் டோலக்கைத் தொடவில்லை.

ஒருநாள் குழுவின் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

"வண்ணாரப்பேட்டை மண்டபத்துல நம்ம கச்சேரி மாமு. நீ ஒரு பாட்டுக்காவது வாசிக்கணும்."

"இந்த வண்டிய வச்சிக்கினு எப்டி வர்றது?"

"அல்லாம் பேசிட்டேன். வீல்சேருக்குன்னு தனி எடம் கீதாம்."

அதன் பிறகு வீட்டில் தினமும் சாயங்காலம் டோலக் சத்தம். மடியிலிருந்து நழுவாமல் இருக்க, என் துப்பட்டாவால் அதை அவன் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவேன். நெடுநாளுக்குப் பிறகு அவனாகவே சவரம் செய்யச் சொன்னான். புதுச்சட்டை கேட்டான்.

மண்டபத்தில் சாய்தளம் இருந்தது. அதன் மேல் வரிசையாகப் பைக்குகள் நின்றன. யாருடையவை என்று தெரியவில்லை. ஆட்கள் கூடி அவனை நாற்காலியோடு படிகளில் தூக்கினார்கள். நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. கால்மேல் போட்டிருந்த போர்வை விழுந்து, மூத்திரப் பை எல்லார் கண்ணிலும் பட்டது. வாசலில் நின்ற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஓடிப்போய் மூடினேன். அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தனி இடம் என்றது கடைசி வரிசைக்குப் பின்னால், தூண் ஓரம். முன்னால் விடச் சொல்லிக் கேட்டேன்.

"நடக்கிற வழிய மறிக்கக் கூடாதும்மா. வண்டிக்கு இதான் எடம்," என்றார் மண்டபத்து ஆள்.

எனக்கு அங்கே நாற்காலி இல்லை. அவன் பக்கத்தில் நின்றேன். முதல் பாட்டுக்கே சனம் எழுந்து ஆட ஆரம்பித்தது. அவனுக்கு முதுகுகள்தான் தெரிந்தன.

"யாரு வாசிக்கிறது? சொல்லு," என்றான்.

"யாரோ புது ஆளுண்ணா."

"நல்லாத்தான் வாசிக்கிறான்."

தலைவர் மைக்கில் அவன் பெயரைச் சொல்லி அழைத்தார். டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவே அவனை மேடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அங்கேயும் படிகள்தான். செங்குத்தாக, பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லாமல். வாசலில் தூக்கியவர்கள் மறுபடி ஓடிவந்தார்கள். அண்ணன் இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம். தூக்காதீங்க."

தலைவர் மேடை விளிம்பில் குனிந்தார். "கீழயே வாசி மாமு. மைக்க எறக்குறேன்."

இறக்கப் பார்த்தார். ஒயர் எட்டவில்லை. பின்னாலிருந்து விசில். "பாட்டப் போடுப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

"நீங்க வாசிங்க," என்றான் அண்ணன்.

அவனுக்கென்று வைத்திருந்த பாட்டைப் புது ஆளே வாசித்தார். மேடைக்குக் கீழே இருந்து பார்த்தால் அலங்காரத் துணி மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்தபடியே தன் தொடைகளில் தாளம் போட்டான், பாட்டு முடியும்வரை, ஒரு அடி தப்பாமல்.

மறுநாள் காலை அவனைக் குளிப்பாட்டும்போது தொடைகள் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

"இவ்ளோ பலமாவா அடிச்சே?"

"எனக்கு இன்னாமா தெரியும்?" என்றான்.

டோலக்கை அந்தப் புது ஆளுக்கே கொடுத்தனுப்பிவிட்டான். வேண்டாம் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

அடுத்த கச்சேரிக்குத் தலைவர் மறுபடி கூப்பிட வந்தார். அதே மண்டபம்.

"படி அப்டியேதான கீது?" என்று கேட்டான் அண்ணன்.

தலைவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அண்ணன் என்னிடம் சோறு போடச் சொன்னான். தட்டை வைத்தேன். பிசைந்துகொண்டே இருந்தான்; ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை.