நோட்பேடில் திறந்த கேள்வித்தாள்

வடக்குத்து ஊர்த் தமிழ்மொழியிடம் "உன்னால ஆவாது" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவர் மறந்தாலும் அவள் விடமாட்டாள். கல்யாணமான புதிதில் அப்படி ஒரு வீம்பில்தான் தமிழ் டைப்பிங் கற்றாள். அதை வைத்துத்தான் சுரங்க டவுன்ஷிப்பில் டியூஷன் நடத்தும் அய்யாசாமி சாரிடம் கேள்வித்தாள் அடிக்கும் வேலையைப் பிடித்தாள். சார் கறாரான ஆள். "ஒரு பரீட்சைக்குத் தாள் வரலைன்னாலும் வேற ஆளப் பார்த்துக்குவேம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

2017-ல் ஒரு சாயங்காலம். மறுநாள் காலை சமூக அறிவியல் பரீட்சை. அடித்து வைத்த தாளை ஒருமுறை சரிபார்க்கலாம் என்று திறந்தாள். வேர்டில் திறக்க வேண்டியது நோட்பேடில் திறந்தது. திரை முழுக்கக் கட்டமும் கொக்கியும் கண்ட எழுத்தும். மற்ற தாள்களும் அப்படியே.

கம்ப்யூட்டர் கடை தங்கராசுக்குப் போன் போட்டாள்.

"வைரஸுங்க. ஃபார்மேட் பண்ணாத்தான் ஆவும். உள்ள இருக்கறது எல்லாம் பூடும்."

"பூடுமா? அப்ப வேணாம், வச்சிடுங்க."

பென் டிரைவைச் செருகினாள். நேற்று சார் அதிலிருந்துதான் கணக்குத் தாளைப் பிரிண்ட் எடுத்திருந்தார். அங்கே நன்றாக இருந்த தாள் இங்கே அலங்கோலமாகத் திறந்தது. அப்படியானால் தாளில் கோளாறு இல்லை, இந்த மெஷினில்தான் எவரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். எவரோ என்ன எவரோ? வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

புருஷன் செங்குட்டுவன் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவன். ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, கம்ப்யூட்டர்ல கை வச்சீங்களா?"

"நானா? சும்மா பாத்துக்கினு இருந்தேன்."

"பாத்தா இப்டி ஆவுமா?"

மெல்ல மெல்ல வெளியே வந்தது. கம்பெனியில் கொடுத்த பாதுகாப்புப் பாடமும் வேர்ட் ஃபைல்தான். நேற்று ராத்திரி அதைத் திறக்கப் போய், மவுஸின் வலது பக்கத்தை அமுக்கியிருக்கிறான். எதில் திறக்கட்டும் என்று கேட்டதும் நோட்பேடைத் தொட்டிருக்கிறான். கீழே 'எப்போதும் இதிலேயே திற' என்று ஒரு காலிக் கட்டம். அதிலும் ஒரு டிக்.

"அத ஏங்க போட்டீங்க?"

"கட்டம் காலியா இருந்தா மைன்ஸுல வேலய ஆரம்பிக்கவே வுட மாட்டாங்க தமிழு. ஹெல்மெட்டு, பூட்ஸு, பெல்ட்டு, எல்லாத்துக்கும் டிக்கு போட்டாத்தான் உள்ளயே போவ முடியும்."

பாவி மனுஷன்! கோபமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டுக்கும் இப்போது நேரமில்லை.

"வாங்க இப்டி. நேத்து இன்னா பண்ணீங்களோ அதையே திரும்பப் பண்ணுங்க."

அவன் பயந்து பயந்து வலது பக்கம் அமுக்கினான். அந்தக் கேள்வி மறுபடி வந்தது. அவன் கையைத் தள்ளிவிட்டு மவுஸை அவள் வாங்கிக்கொண்டாள். பட்டியலில் வேர்டைக் காணோம். இன்னும் காட்டு என்பதை அமுக்கி, கீழே கீழே போய்த் தேடிப் பிடித்தாள். வேர்டைத் தொட்டு, டிக் போட்டு, ஓகே கொடுத்தாள்.

கேள்வித்தாள் வரி பிசகாமல் வந்து நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டு பிழை பார்க்க உட்கார்ந்தாள்.

காலையில் இருவரும் பைக்கில் போய்ப் பென் டிரைவில் தாளைக் கொடுத்தார்கள். நடந்ததைப் பாதி கேட்டதுமே அய்யாசாமி சார், செங்குட்டுவனைத்தான் பார்த்தார்.

"பரவால்லியே தம்பி, நீயே சரி பண்ணிட்டியே!"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கெடுத்தது அவரு சார். சரி பண்ணது நானு."

"ஆமாங்க சார்" என்றான் செங்குட்டுவன்.

சார் அடுத்த பரீட்சைக்கு எழுதி வைத்திருந்த தாள்களை அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய கையை இழுத்து, தாள்களை அவளிடம் கொடுத்தார்.