தண்ணீர் வைத்தியக் கட்டடத்தில் ஒரு பகல்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து தேநீர் போடப் போகிறவன் நான். இப்போதும் அப்படித்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் எதில் சேர்ப்பதென்று தெரியவில்லை, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. ஜேர்மனியிலிருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குரோய்டனுக்குப் போகும் வழியில், ஒரு மேட்டில் இருந்த பழைய பெரிய கட்டடத்தை ஃபிளாட்டுகளாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவர்களுக்குப் பிளாஸ்டர்போர்ட் பலகை அடிக்கும் வேலை எனக்கும் தயா அண்ணைக்கும். சொந்த அண்ணன் இல்லை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேலையில் பழக்கமானவர்.

அந்தக் கட்டடம் பார்க்காத தொழில் இல்லை. முதலில் அது தண்ணீர் வைத்தியம் செய்யும் ஹோட்டலாம். பணக்காரர்கள் நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை என்று வந்து தங்குவார்களாம், அவர்களை ஈரத்துணியால் கழுத்துவரை இறுக்கிச் சுற்றிக் கிடத்தி வைப்பார்களாம். பிறகு போர்க்கால ஆஸ்பத்திரி, பிறகு ஆசிரியைகளுக்கான கல்லூரி, அதற்குப் பிறகு தஞ்சம் கேட்டு வந்தவர்களைக் கவுன்சில் தங்கவைத்த விடுதி. இதெல்லாம் எங்கள் சைட் மனேஜர் சொன்னது. அவர் ஐரிஷ்காரர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

விடுதிக் காலத்தைப் பற்றித் தயா அண்ணையும் சொன்னார், ஏனென்றால் அவரே அங்கே ஒன்றரை வருடம் இருந்தவர். இரண்டாம் மாடியில் நான்கு பேருக்கு ஓர் அறை, குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வருமா வராதா என்ற காத்திருப்பு. தன் தூக்கம் அங்கேதான் தொலைந்தது என்பார். விசா கிடைத்து நான்கு வருடமாகியும் அது திரும்பவில்லை. இரவில் ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் இரண்டு. பகலில் கை நடுங்கும். மனேஜர் கவனித்தால் வேலை போய்விடும் என்று, உயரத்து வேலையெல்லாம் நானே செய்துவிடுவேன். என்றாவது ஏணியிலிருந்து விழுந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒன்றரை இருக்கும், ஸ்க்ரூ பெட்டி எடுத்துவருவதாகச் சொல்லி அண்ணை நிலவறைக்குப் போனார். நான் முதல் மாடியில் அடுத்த போர்டைத் தூக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மனேஜர் வந்து உன் கூட்டாளி எங்கே என்று கேட்டார், நான் இறங்கித் தேடப் போனேன்.

நிலவறை அந்தக் காலத்துக் குளியல் கூடம். நீளமான அறை, வெள்ளை ஓடுகள், ஓரத்தில் ஒரு கல் மேடை. மேடையில் தயா அண்ணை கிடந்தார். பாதத்திலிருந்து கழுத்துவரை தடித்த வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தது, துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நம்பினால் நம்புங்கள், அந்தக் கட்டடத்தில் தண்ணீர் இணைப்பை வெட்டி மூன்று கிழமை, குடிக்கவே போத்தலில்தான் கொண்டுபோவோம். ஆள் செத்துவிட்டார் என்றே நினைத்தேன். கிட்டப் போனால் குறட்டை கேட்டது.

துணியின் நுனி அவர் முதுகுக்கு அடியில் செருகியிருந்தது, இரண்டு கையும் உள்ளே. தன்னைத்தானே அப்படி ஒருவராலும் சுற்றிக்கொள்ள ஏலாது. நான் நுனியை இழுத்தபோது கண் விழித்தார்.

"அதுக்குள்ள ஏன் அவிழ்க்கிறாய்? ஒரு மணித்தியாலம் கிடக்கவேணும் எண்டு நீதானே சொன்னனீ."

"நான் இப்பதான் வாறன் அண்ணை."

"விசர்க்கதை கதையாதை. நீதானே சுத்தினனீ," என்றார், கோபமில்லாமல், அரைத் தூக்கத்தில்.

நேரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. ஒன்றரையிலிருந்து நான் மேலே வேலை செய்தேன், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரும்ப மேலே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு போர்ட், அதில் நான்கு ஸ்க்ரூ. ஐந்து நிமிட வேலை. பிளாஸ்டர்போர்ட் அடிக்கிறவனின் கை தூசியில் காய்ந்துபோயிருக்கும். என் விரல் நுனிகளோ நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

மனேஜர் நாங்கள் விளையாடியதாக நினைத்தார். திட்டிவிட்டு, துணியைக் குப்பையோடு போடச் சொன்னார், போட்டோம்.

அன்றிரவு படுத்த அண்ணை மறுநாள் மத்தியானம்தான் எழும்பினார் என்று அவர் மனைவி பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். அதற்குப் பிறகு நடுக்கமும் மெல்ல மெல்ல நின்றது. இப்போது வெம்பிளியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். எனக்கு ஏதோ வைத்தியம் தெரியும், மறைக்கிறேன் என்பது அவர் எண்ணம். நானும் மறுத்து மறுத்துக் களைத்துவிட்டேன்.

போன மாதம் போன் செய்தார். மூத்த மகளுக்குப் பரீட்சை, நித்திரையே இல்லையாம்.

"தம்பி, ஒருக்கா வந்து பிள்ளைக்கும் சுத்திவிடன்."

எனக்கு அதெல்லாம் தெரியாது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது பொய். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், தோளடியில் ஒரு மடிப்பு, பாதம் கடைசியில். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.