நாலு வினாடி காலியிடம்

புஷ்பலதா காதை வைத்துச் சம்பாதிப்பவள். எங்கோ வெளிநாட்டில் ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்த்துவிட்டு, வாயில் எதையோ மென்றுகொண்டே பதிவுக்கருவியில் சொல்லி வைப்பதை, மாடம்பாக்கத்தில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கேட்டு எழுத்தாக்குவாள். முழங்கால் வீக்கம், மூன்று நாள் காய்ச்சல், உப்பைக் குறைக்கச் சொன்னது. பதினான்கு வருடமாக இதுதான் வேலை, முதலில் அலுவலகத்தில், பிறகு வீட்டிலிருந்தே. இப்போதெல்லாம் முதல் வரைவை மென்பொருளே அடித்துவிடுகிறது. அது கோட்டைவிட்ட இடங்களைப் பிடிப்பது அவள் பங்கு. காலை ஏழு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் மூன்று மணிக்குத்தான் கழற்றுவாள். கழற்றிய பிறகும் கொஞ்ச நேரத்துக்குத் தெருச் சத்தமெல்லாம் பஞ்சில் சுற்றி வருவதுபோலக் கேட்கும்.

பிறந்தது கானாத்தூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில். அப்பா கடலுக்குப் போவார், அம்மா முனியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்பாள். லதா தாம்பரத்தில் கல்லூரி படித்து, பெருங்களத்தூரில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். முதல் வாரமே, "இன்னா மேடம், அந்த ஃபைல் எங்க கீது?" என்று அவள் கேட்க, அறை முழுக்கச் சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சு என்று பிரித்துக்கொண்டாள். ஜிஎஸ்டி ரோட்டில் வேனைவிட்டு இறங்குவதற்குள் 'கீது' 'இருக்கு' ஆகிவிடும்.

அந்த வேனில்தான் ஒருநாள் அது நடந்தது. ஓட்டுநர் சுவிசேஷமுத்து ஏதோ ஒரு ராப் பாட்டைப் போட்டார். பின்சீட்டில் கண்ணை மூடியிருந்த லதா, வரியின் கடைசியில் 'கீது' என்ற சொல் வந்து விழுவதைக் கேட்டாள். அடுத்த வரியிலும் விழுந்தது, அதற்கடுத்ததிலும். அவள் ஒளித்துவைத்த சொல்லை ஒருவன் இயைபாக்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான். மதிய இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்து பாட்டு முழுவதையும் கேட்டுக்கேட்டுத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டாள். சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஒருவர், "அடுத்த பாட்டு எப்ப அக்கா?" என்று கேட்டிருந்தார்.

அப்படித்தான் அவள் லதாக்கா ஆனாள். புதிய தமிழ் ராப் எது வந்தாலும், ரசிகர்கள் வரிகளுக்காக அவள் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். கணவர் சிவகுமாருக்கு மட்டும் இது விளங்கியதில்லை. "எனக்கு எல்லாமே ஒரே கத்தலா கேக்குது. உனக்கு மட்டும் எப்படித்தான் வார்த்தையா கேக்குதோ" என்பார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மாடம்பாக்கத்தில் ஜெயகிருஷ்ணனின் பெயிண்ட் கடை மாடியில் எட்டு பத்துப் பேர் கூடுவார்கள். 'சபை' என்று கேலியாக ஆரம்பித்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஜெயகிருஷ்ணன் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நாற்பத்தாறு வயது, தலை பாதி நரைத்தவர். பாட்டு என்றால் சொல், சொல் என்றால் கருத்து, நடுவில் குறைந்தது மூன்று எதுகை. இது அவர் கட்சி. எதிர்க்கட்சி கிட்டு, கூடுவாஞ்சேரியில் அறை எடுத்துப் பொறியியல் படிப்பவன். இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்பீக்கர், ஒரு தட்டு பஜ்ஜி.

அந்த டிசம்பரில் 'ஈரச்சுவர்' என்ற பெயரில் பாடும் முடிச்சூர்ப் பையன் ஒருவனின் புதிய ஆல்பம் வந்திருந்தது. ஐந்தாவது பாட்டுக்கு 'நீர்மட்டம்' என்று பெயர். ஆழத்திலிருந்து குமிழி குமிழியாக ஒரு குரல் மேலே வரும், பாதி வழியில் உடையும். தாளம்கூட எங்கோ அடுத்த தெருவில் யாரோ கதவைத் தட்டுவதுபோல இருக்கும்.

பாட்டு முடிந்ததும் ஜெயகிருஷ்ணன் ஸ்பீக்கரை அணைத்தார்.

"இன்னாடா இது? வாய்ல வெத்தல போட்டுகினு பாடுறானா? பத்து வருஷம் முன்னாடி ஒருத்தன் மைக்க புடிச்சா, ஏரிய மூடினவன் பேரு, ரோடு போடாதவன் பேரு, எல்லாம் வரிசையா வரும். இவன் ஊங்கறான், ஆங்கறான். கேட்டா ராப்பு!"

"அண்ணா, நீங்க வார்த்தைய எண்றீங்க" என்றான் கிட்டு. "நான் அந்த சவுண்டுக்குள்ள போய் உக்காந்துக்கறேன். எனக்கு அது போதும்."

"உக்காந்து இன்னா பண்ணுவ? ஒரு வரி சொல்லு பாப்போம்."

கிட்டு அந்தக் குரலைப்போலவே முனகிக் காட்டினான். எல்லோரும் லதாவைப் பார்த்தார்கள்.

"லதா எழுதட்டும்" என்றார் ஜெயகிருஷ்ணன். "வரின்னு ஒண்ணு இருந்தா ஒத்துக்கறேன். இல்லன்னா இந்தாள் பாட்ட இந்த மாடில போடக்கூடாது."

லதா அந்த வாரம் முழுவதும் வேலை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமல் 'நீர்மட்டம்' கேட்டாள். முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் நாள் ஒரு வினைச்சொல் தலைகாட்டியது. சமைக்கும்போதும், மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதும், தாம்பரம் ரயில்நிலையத்தில் அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போதும் அந்தக் குரல் அவள் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. விழித்திருக்கிறாளா கனவா என்று சொல்ல முடியாத ஒரு பிற்பகலில், மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சத்தில், வரிகள் தாமாகவே ஒவ்வொன்றாகக் கரையேறின.

அடுத்த சனிக்கிழமை தாளை நீட்டினாள். ஜெயகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்:

"தண்ணி மொதல்ல எங்க செருப்ப கேட்டுச்சி
அப்புறம் கட்டில கேட்டுச்சி
கடைசியா எங்கப்பன் பேர கேட்டுச்சி
மொட்ட மாடிலேர்ந்து பாத்தேன்..."

நிறுத்தினார். அதற்குக் கீழே வெறும் கோடு ஒன்று போட்டிருந்தாள்.

"இதெல்லாம் அந்தப் பாட்டுலயா கீது?"

"ஆமாண்ணா."

தாளை மறுபடி மேலிருந்து படித்தார். பிறகு, "இவ்ளோ நல்லா எழுதினவன் எதுக்கு வாய்க்குள்ள ஒளிச்சி வெக்கணும்?" என்றார். குரலில் பழைய சூடு இல்லை.

"தண்ணிக்குள்ள அப்படித்தானே கேக்கும்ணா" என்றான் கிட்டு மெல்ல.

"சரி, இந்த கோடு இன்னா?"

"அங்க நாலு வினாடி வருது. எனக்குப் புரியல."

"வானம் எறங்குதுன்னு சொல்றான்க்கா, நல்லாக் கேளுங்க" என்றான் கிட்டு. இன்னொருவர், "வண்டி மெதக்குது" என்றார். எதையாவது போட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். லதா மாட்டேன் என்று தலையாட்டினாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவள் ஓர் ஊகம் செய்திருந்தாள். மருத்துவர் சொன்னது பதினைந்தா ஐம்பதா என்று தெரியாமல் மருந்தின் அளவை ஐம்பது என்று அடித்துவிட்டாள். சரிபார்ப்பவர் கண்ணில் பட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் யாரென்றே தெரியாத ஒரு கிழவர் அந்த மாத்திரையைக் கையில் வைத்திருப்பதுபோல அவளுக்குப் பலநாள் கனவு வந்தது. அதன்பிறகு, கேட்காததை அவள் எழுதியதில்லை. கோடு போட்டுவிடுவாள்.

கோட்டோடுதான் இணையப் பக்கத்திலும் போட்டாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'இந்த நாலு வினாடி எனக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் சொல்லுங்கள்.'

முதலில் வந்தவர்கள் சரியான சொல்லைத்தான் தேடினார்கள். மூன்றாம் நாள், வரதராஜபுரத்திலிருந்து சரிதா என்ற பெண் எழுதினாள்: 'அவர் என்ன சொன்னார்னு தெரியாது. மொட்டை மாடியிலிருந்து நான் பார்த்தது, எங்க ஸ்கூல் பஸ் தானா திரும்பி நின்னது.' அதற்குக் கீழே இன்னொருவர்: 'எதிர் வீட்டு மாடியில ஒருத்தர் சட்டையை இஸ்திரி போட்டது மாதிரி மடிச்சுக்கிட்டே இருந்தார்.' அடுத்து ஒன்று: 'ஒரு பூனை, ஒரு கதவு மேல.' பத்து வருடத்துக்கு முந்தைய அந்தச் சென்னை வெள்ளத்தில் மாடியேறி நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, அவள் போட்ட கோட்டின்மேல் தாங்கள் கண்டதை வைத்துவிட்டுப் போனார்கள். லதா எதையும் திருத்தவில்லை, பிழைகளைக்கூட. படித்துக்கொண்டிருக்கையில் நாற்காலிக்கு அடியில் தரை லேசாக அசைவதுபோல இருந்தது.

அந்த வாரச் சபைக்கு ஜெயகிருஷ்ணன் கணக்காக நாலு மணிக்கு வந்து மூலையில் உட்கார்ந்தார். பஜ்ஜியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒண்ணு எழுதினேன்" என்றார்.

கிட்டு ஸ்பீக்கரை நிறுத்தினான். இருபது வருடமாக மற்றவர்கள் வரிகளுக்கு மார்க் போட்டவர், தானாக ஒரு வரி எழுதி யாரும் பார்த்ததில்லை. அவர் தாளைப் பார்க்காமலேயே சொன்னார்:

"மொட்ட மாடிலேர்ந்து பாத்தேன்
தெரு பூரா என் கடை பெயிண்டு
நீலமும் மஞ்சளும் கைகோத்துகினு
என்ன வுட்டுட்டு ஊர்கோலம் போச்சி."

ஜன்னல் வழியாகக் கோயில் பக்கத்து மரங்கள் தெரிந்தன.

"அப்ப கடை முடிச்சூர் ரோட்டுல இருந்துச்சி" என்றார். "டின்னெல்லாம் மெதந்து, மூடி தொறந்துகினு... போட்டதெல்லாம் போச்சி. பக்கத்துல என் பொண்டாட்டி அழுதுகினு கீறா. நான் அழல. ஏன்னா அது அழகா இருந்துச்சி லதா. அவ்ளோ அழக நான் பாத்ததே இல்ல. அதான் யார் கிட்டயும் சொல்லல."

கிட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணா, இதுல ஒரு எதுகைகூட இல்ல" என்றான்.

"தெரியும்டா" என்றார் அவர். முதலில் அவர்தான் சிரித்தார்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் லதாவின் கைபேசிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. பாட்டில் கேட்ட குரல், இப்போது தெளிவாக, கொஞ்சம் கூச்சத்தோடு.

"அக்கா, ஈரச்சுவர் பேசறேன். உங்க பக்கத்த பாத்தேன். ரெண்டு நாளா அதத்தான் படிச்சினுகீறேன். அந்த எடத்துல நான் இன்னா சொன்னேன்னு எனக்கே தெரியாதுக்கா. எங்கப்பா போனது அந்த வெள்ளத்துலதான். எனக்கு பதிமூணு வயசு. ஸ்டுடியோல அந்த வரி வந்ததும் வாய் தானா ஏதோ மொணகிச்சி. அப்பால வார்த்த எழுதி போட்டுக்கலாம்னு வுட்டேன். ஆறு மாசம் எழுதினேன், எதுவும் ஒட்டல. நீங்க எதையாவது எழுதி ரொப்பியிருந்தா நான் செத்திருப்பேன். கோடு போட்டீங்களே, அது போதும்க்கா. கூடுவாஞ்சேரில ப்ரோக்ராம் கீது, வாங்க."

லதா அதை மூன்று முறை கேட்டாள். நான்காம் முறை கேட்காமல் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கூடுவாஞ்சேரியில் ஒரு மனைப்பிரிவுக்கு நடுவே இருந்த காலி மைதானம். எண் எழுதிய எல்லைக்கற்களின்மேல் உட்கார்ந்து ஜனங்கள் வேர்க்கடலை தின்றார்கள். சபையே வந்திருந்தது, சிவகுமார் உட்பட. மேடையில் வந்து நின்ற பையன் மெலிந்து, சட்டை தொளதொளவென்று இருந்தான். வெயில் சாய்ந்து எல்லார் முகமும் செம்பு நிறமாக மாறும் நேரத்தில் 'நீர்மட்டம்' தொடங்கியது. செருப்பு, கட்டில், அப்பன் பேர். கூட்டம் கூடவே சொன்னது, அவள் எழுதிய வரிகளைப் படித்துத்தான் அவர்களுக்கு மனப்பாடம்.

"மொட்ட மாடிலேர்ந்து பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். தாளம் நின்றது.

அந்த நாலு வினாடியில் அங்கிருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். யாரும் கத்தவில்லை. நூற்றுக்கணக்கான வாய்கள் தணிந்த குரலில் வெவ்வேறாகப் பேசியதில் ஒரு சொல்கூடப் பிரியாமல், மணல் நுரையை உறிஞ்சும் சத்தம்போல ஒன்று எழுந்து அடங்கியது. வாழ்நாள் முழுக்க முணுமுணுப்பிலிருந்து சொல்லைப் பிரித்தெடுத்தவள், அதில் எதையும் பிரிக்கப் பார்க்கவில்லை. தன் வாயும் அசைவதை மட்டும் உணர்ந்தாள். வெள்ளத்தின்போது அவள் எந்த மொட்டை மாடியிலும் நிற்கவில்லை. பெருங்களத்தூர் அலுவலகத்தின் மூன்றாவது தளத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு, சிக்னல் இல்லாத போனைக் காதில் வைத்து, சுற்றியிருந்தவர்கள் முன்னால், "அம்மா, நான் இங்கதான் கீறேன், நல்லாத்தான் கீறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இப்போது அவள் வாயில் வந்தது.

பக்கத்தில் நின்ற சிவகுமார் அவளைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை.

தாம்பரம் மின்ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரப்பாக்கம் தாண்டியதும் கிட்டு, வேறொருவர் அன்று காலை வெளியிட்ட பாட்டைப் போட்டு, இயர்போனை ஜெயகிருஷ்ணனின் ஒரு காதில் மாட்டிவிட்டான். அவர் அரை நிமிடம் கேட்டார், முகத்தைச் சுளித்தார்.

"இதுல நாலு வரி ஏற்கெனவே எவனோ எழுதினது. திருடிகினு வந்துகீறான்."

"அது திருட்டு இல்லண்ணா, மரியாதை. பெரியவங்களுக்கு சலாம் போடறான்."

"சலாம் போடுறவன் பேர சொல்லிட்டுப் போடணும்டா!"

எதிர் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் தீர்ப்புக் கேட்டு லதாவின் பக்கம் திரும்பினார்கள். அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வண்டலூர்க் காட்டு மரங்களின் இருட்டான உச்சிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கேட்டுட்டு சொல்றேன்" என்றாள். "இன்னைக்கி காது ரொம்பி கீது."