நாற்பது நாள் ஓடாத படம்

சூசைமாணிக்கம் ராயப்பராஜ், 1961–2025. திண்டுக்கல்லில் ஓர் உதவி பெறும் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக இருந்தார். அங்கு நான் கணக்கு ஆசிரியர். குடுவைகளைக் கழுவித் துடைத்து, உயரவாரியாக அடுக்கிய பிறகே அவர் வீட்டுக்குப் போவார். மணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த தங்கை அமலராணியையும் அவள் மகள் கிளாராவையும் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார்.

கிளாராவுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த வாரம் அது. குழந்தை பிழைத்தால், தாம் உயிரோடு உள்ளவரை தவக்காலத்தின் நாற்பது நாளும் இறைச்சியையும் திரைப்படத்தையும் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். வாரத்துக்கு ஒரு படமேனும் பார்த்துவந்த மனிதர் அவர். குழந்தை பிழைத்தாள். யாருக்காக நேர்ந்தோமோ அவரிடம் அதைச் சொல்லிக்காட்டலாகாது என்பது அவர் கொள்கை. அமலராணிக்கும் எனக்கும் மட்டுமே அது தெரியும்.

2012 மே மாதம், பத்து வயதுக் கிளாராவை ஒரு கார்ட்டூன் படத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு கரடிக் குடும்பம் வழிதவறி வந்த சிறு மேகத்தைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் கதை. முடிவில் மேகம் புகைக்கூண்டு வழியே வெளியேறிவிடும். குழந்தை வீடு வரும்வரை அழுதாள்.

"அடுத்த படத்துல திரும்பி வந்துரும் தாயி. வந்த அன்னைக்கு நீயும் நானும் போவோம்" என்றார்.

பிறகு குறுந்தகட்டில் அதே படத்தை இருவரும் எத்தனையோ முறை பார்த்தார்கள். அடுத்தது எப்போது வரும் என்பது அந்த வீட்டின் நிலையான பேச்சு.

அது பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் 14 அன்று வந்தது. கிளாரா அப்போது கோவையில் செவிலியர். மே மாதம் ரொனால்டு என்பவருடன் திருமணம். அதன்பின் தோகாவில் குடித்தனம். மாமனோடு படம் பார்க்க அவளுக்கு வேறு காலம் இல்லை. மறுநாளே ஊருக்கு வந்து, மூன்று மணி ஆட்டத்துக்குக் கைப்பேசியில் இரண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

தவக்காலம் முடியட்டும், ஈஸ்டருக்கு மறுநாள் போகலாம் என்றார் ராயப்பராஜ். இப்போதெல்லாம் எந்தப் படமும் இரண்டு வாரத்தைத் தாண்டுவதில்லை என்றாள் அவள். நல்ல படம் நாற்பது நாள் ஓடாதா என்று கேட்டார். அவர் அறிந்த திரையரங்குகளில் படங்கள் நூறு நாள் ஓடின.

"கரடிப் படத்துக்கா மாமா சாமி கோவிச்சுக்கப் போகுது?"

அவர் நாட்காட்டியை எடுத்து ஈஸ்டர் தேதியைத் தொட்டுக் காட்டினார்.

"சரி, விடுங்க. உங்களுக்கு என்னையவிட உங்க நோன்புதான் பெருசு."

அன்று மாலையே கோவைக்குப் பேருந்து ஏறினாள். பங்குத்தந்தையிடம் கேட்டிருந்தால் அந்த ஒரு நாளுக்கு விலக்கு அளித்திருப்பார். கார்ட்டூன் படத்துக்காகப் போய் விலக்கு கேட்பதா என்று இவர் கூசினார்.

ஈஸ்டருக்கு மறுநாள், தேய்த்த சட்டையுடன் திரையரங்குக்குச் சென்றார். சுவரொட்டி வேறாக இருந்தது. அந்தப் படத்தைத் தூக்கி மூன்று வாரம் ஆயிற்று என்று டிக்கெட் கொடுப்பவர் தெரிவித்தார். திரும்பி வந்து, பண்டிகைக்கு வந்திருந்த கிளாராவிடம் சொன்னார்.

"நான் அப்பவே ரொனால்டோட கோயம்புத்தூர்ல பாத்துட்டேன் மாமா."

"மேகம் திரும்பி வந்துச்சா?"

"தெரியல மாமா. நைட் டூட்டி முடிச்சுப் போனேனா, இன்டர்வெல்லுக்கு அப்புறம் தூங்கிட்டேன்."

மே 7 அன்று திருமணம் நடந்தது. ஜூனில் அவள் புறப்பட்டாள். நவம்பர் 6 அன்று மாரடைப்பில் ராயப்பராஜ் காலமானார். விடுப்புக் கிடைக்கவில்லை என்று கிளாரா அடக்கத்துக்கு வரவில்லை. நேர்ச்சையைப் பற்றி அமலராணி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன பயன் என்கிறாள்.

அவர் இறப்பதற்கு ஏறத்தாழ ஏழரை வாரங்களுக்கு முன், அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். ராயப்பராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். இடைவேளை என்று எழுத்து வந்ததும் எழுந்து அணைத்துவிட்டார். மீதியையும் பார்க்கலாமே என்றாள் தங்கை.

"அவ முழிச்சிருந்தமட்டுக்கும் பாத்தாச்சு. போதும்."

அவர் கடைசியாகப் படம் பார்த்தது 2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை.