மடையானைக் கொக்கு என்றாள் வேம்பு

மன்னார்குடிப் பக்கம் பத்து ஊருக்கு நடவு என்றால் வேம்பைத்தான் கூப்பிடுவார்கள். இருபது பெண்களோடு வயலில் இறங்கினால் கை ஒரு பக்கம் ஓடும், வாய் நாலு பக்கம் ஓடும். நாற்று முற்றிப்போனால் வயல்காரருக்கு ஏச்சு. தண்ணி கூடினால் பாய்ச்சியவருக்கு ஏச்சு. டீ ஆறிப்போனால் கொண்டுவந்த புண்ணியவானுக்கு ஏச்சு. மிச்சமெல்லாம் வீட்டில் ரெத்தினத்துக்கு. பத்தொன்பது வருஷமாக வாங்கிக் கட்டிக்கொள்கிற புருஷன் அவர். "என் பொண்டாட்டி வாய்க்கு ஆறு மாசம் லீவு குடு சாமி" என்று அவர் வேண்டாத கோயில் இல்லை.

சாமி காதில் என்ன விழுந்ததோ, வலிப்பைக் கொடுத்தது. பேசிக்கொண்டிருப்பவள் நாற்றும் கையுமாக நின்று வெறிப்பாள், சப்புக்கொட்டுவாள். நிமிஷத்தில் தெளிந்து, "என்னடி வேடிக்கை?" என்று மறுபடி ஆரம்பிப்பாள். ஒருநாள் சேற்றில் குப்புற விழுந்தபோதுதான் எல்லாரும் பதறிப்போனார்கள். மூன்று வகை மாத்திரைக்கும் அடங்கவில்லை.

"வலிப்பு கெளம்புற இடத்த ஆபரேஷன்ல எடுத்துடலாம்" என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர் பூர்ணிமா. "ஆனா பேச்சு வர்ற இடமும் அங்கதான் பக்கத்துல. அது எதுன்னு முதல்ல தலையில காந்தம் வச்சுப் பாத்துக்கணும். காந்தம் படுற இடம் ஒரு நொடி அசந்துடும், அப்ப பேச்சு தடுமாறுனா அதுதான் அந்த இடம்."

"பாக்காம விட்டா?"

"பேச்சு போயிடலாம்."

'ஐயோ சாமி, நான் ஏதோ சும்மா சொன்னேன்' என்று அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார் ரெத்தினம்.

பரிசோதனை அன்று வேம்பை நாற்காலியில் உட்காரவைத்து நெற்றியில் பட்டை கட்டினாள் ஹுமைரா, மிஷினை இயக்குகிற சென்னைப் பெண். முதலில் காந்தம் இல்லாமல் படம் காட்டிப் பெயர் கேட்டாள். குடை. சைக்கிள். அடுத்தது ஒரு பறவை.

"மடையான்."

ஹுமைராவின் தாளில் கொக்கு என்று இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதானேக்கா" என்று டிக் போட்டாள்.

"ஒண்ணா? கொக்கு வெள்ளையா, நெட்டையா நிக்கும். இது மண்ணு நெறத்துல குறுகிக்கிட்டு ஒக்காந்திருக்கும். நீ எந்த ஊரும்மா?"

"சென்னைக்கா."

"அதான்."

பிறகு காந்தத்தைத் தலையில் வைத்தார்கள். டக் டக் என்றது. கட்டைவிரல் தானாகத் துள்ளியது. "யாரு என் விரல ஆட்டுறது?" என்று அதட்டினாள் வேம்பு. காந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மறுபடி படங்கள். குடை என்றாள், சைக்கிள் என்றாள். பறவை வந்தது. டக் டக்.

"கொக்கு."

ஹுமைரா டிக் போடப் போனாள். மூலையில் இருந்த ரெத்தினம் துள்ளி எழுந்தார்.

"நிறுத்துங்க! தப்பு!"

"சரியாத்தானே சொன்னாங்க சார்?"

"ஒங்க பேப்பருக்குச் சரி, இவளுக்குத் தப்பு! செத்தாலும் மடையானக் கொக்குன்னு சொல்லமாட்டா. நான் ஒருதடவ சொல்லிப்புட்டு ரெண்டு நாள் சோத்துக்கு அலைஞ்சேன்!"

டாக்டர் ஓடிவந்தார். அதே இடத்தில் வைத்து மறுபடி காட்டச் சொன்னார். கொக்கு என்றாள். இன்னொரு முறை வாய் திறந்தது, வார்த்தையே வரவில்லை. காந்தத்தை எடுத்ததும், "மடையான்! எத்தன தடவ காட்டுவீங்க?" என்று பொரிந்தாள். கம்ப்யூட்டரில் அந்த இடத்துக்குச் சிவப்புப் புள்ளி விழுந்தது.

"இதத் தொடாமலே பண்ணிடலாம். ஆனா தெரியாம இருந்திருந்தா கத்தி இந்த வழியாத்தான் போயிருக்கும்" என்றார் டாக்டர். "அவங்க பேசுறத இவ்வளவு கவனமாவா கேப்பீங்க?"

"கேக்கலன்னா அதுக்கும் தனியாத் திட்டுவா."

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவள் புருஷனையே பார்த்தாள். வாய் அசைந்தது, சத்தமில்லை. அரைமணி நேரம் அப்படியே போயிற்று. ரெத்தினத்துக்கு உயிர் உயிராக இல்லை.

"சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு..." என்றாள் மெதுவாக. "நாலு பேரு பாத்தா என்னங்க நெனப்பாங்க? மானம் போவுது."

மனுஷன் ஓவென்று அழுதுவிட்டார். என்னவோ ஏதோ என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் ரெண்டு வார்த்த திட்டச் சொல்லும்மா."